எண் 29999 எழுதும் மனு

அனுப்புநர்: யூசர், கணக்கு எண் 29999, நோக்கியா 770.
பெறுநர்: உயர்திரு கெயின்ரூட் அவர்கள், எஸ்பின் அடைவு, மேற்படி கருவி.
பொருள்: ஸ்வாப் போட ரூட் அனுமதி வேண்டுதல் – சார்பு.

ஐயா,

வணக்கம். இந்தக் கைக்கருவி 2005 நவம்பரில் விற்பனைக்கு வந்த நாள் முதல் நானும் தாங்களும் ஒரே லினக்ஸில்தான் குடியிருக்கிறோம். என் எண் 29999. முன்னால் வரிசை நீளம் போலும் என்று முதலில் பயந்தேன். எட்டிப் பார்த்தால் சில ஏவல் கணக்குகள் தவிர ஈ காக்கை இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் என் பெயரில்தான் வந்து போகிறார். மாடியில் பூஜ்ஜியம் எண்ணுள்ள, சர்வ அதிகாரமும் படைத்த ரூட் ஐயா. ஏணி தங்கள் கையில்.

கோரிக்கை சின்னது. ரேம் மொத்தமே 64 எம்பி. பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்குகிறது. மெமரி கார்டில் கொஞ்சம் இடத்தை ரேமுக்குத் துணையாக, ஸ்வாப்புக்கு ஒதுக்கினால் தீர்ந்தது. இரண்டு மூன்று கட்டளை வேலை. அதற்காக உரிமையாளர் எழுத்தாணியால் ‘சூடோ கெயின்ரூட்’ என்று ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். தாங்கள் அருளிய பதில்: கருவியை உடைக்க ஆசையிருந்தால் ஆர்டி மோடைப் போட்டுக்கொண்டு வரவும்.

ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டவரிடம், கடையைக் கொளுத்துவதற்கு அடுத்த கவுன்டர் என்று கை காட்டினால் எப்படி இருக்கும்?

சரி, ஆர்டி மோடு, அதாவது ஆராய்ச்சி, மேம்பாட்டுக்காரர்களுக்கான நிலை. அதைப் போடக் கருவியை அணைத்து, யூஎஸ்பி கேபிளில் ஒரு லினக்ஸ் கணினியோடு கோத்து, அங்கே கம்பெனியே கொடுத்த ஃப்ளாஷர் நிரலை ஓட்ட வேண்டும். அதை ஓட்ட அந்தக் கணினியின் ரூட் ஐயா சம்மதிக்க வேண்டும். இந்த ஊர் தாசில்தாரைப் பார்க்க அந்த ஊர் தாசில்தாரின் சான்றிதழ்!

இத்தனைக்கும் தங்களைத் திறந்து படித்துவிட்டேன், மன்னிக்கவும். பெரிய அதிகாரி என்று நினைத்திருந்தேன்; சில வரி ஷெல் ஸ்கிரிப்ட். ஆர்டி மோடு இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். இருந்தால் கதவு, இல்லாவிட்டால் அந்த வசனம். ஏன், எதற்கு என்று ஒரு வரி கேட்கவில்லை.

இயங்குதளத்தின் 2006 பதிப்பில் நடந்த கூத்து தங்களுக்குத் தெரியாததல்ல. அதே ஸ்வாப், கன்ட்ரோல் பேனலில் வசதியாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு தட்டு தட்டினால் போதும், ரூட் வேண்டாம். முந்தைய பதிப்பில் கருவியை உடைக்கிற வேலை, இதில் விர்ச்சுவல் மெமரி! தங்கள் வசனம் மட்டும் மாறவில்லை.

கொல்லைப்புறக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்ஹெச் சர்வரை நிறுவிக்கொண்டு, வெளியூர்க்காரர் போல நம் கருவிக்குள் நாமே ரூட் பெயரில் நுழைந்தால் கேட்கிற கடவுச்சொல், ‘ரூட்மீ’. வாசலில் இத்தனை கெடுபிடி, சாவி மிதியடிக்குக் கீழே. 2009இல் பிறந்த தங்கள் தம்பி என்900 வீட்டிலோ ‘ரூட்ஷ்’ என்ற சின்னப் பொட்டலத்தை நிறுவினால் வேலை முடிந்தது. கேபிளும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.

ஆகவே, அந்த ஒரு வசனத்தையாவது திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே திருத்திக்கொள்வேன். கோப்பில் கை வைக்க ரூட் அனுமதி மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
29999

இணைப்பு: யூஎஸ்பி கேபிள் – 1