படுக்கையறைப் பல்தடப் பதிவியல்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

ஓலைச்சுவடிக்கும் கல்வெட்டுக்கும் தமிழாய்வுலகம் காட்டிய அக்கறையில் நூற்றில் ஒரு பங்குகூட, சனிக்கிழமை மதியம் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரே பாட்டின் கிடார், பேஸ், டிரம்ஸ், ஆர்கன், குரல் அத்தனையையும் தனி ஆளாகப் பதிவுசெய்யும் நடுத்தர வயது ஆண்மகனுக்குக் கிடைத்ததில்லை. அந்தக் குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: மேற்கே போர்ட் கிள்ளான், கிழக்கே அம்பாங், வடக்கே செலாயாங், தெற்கே காஜாங். ஈப்போவிலும் பினாங்கிலும் இதே தொழிலில் ஈடுபட்டிருப்போர் தங்களுக்கென ஓர் ஆய்வாளரைத் தேடிக்கொள்ளலாம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பாடல், டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. கிடார் வாங்கிய எவரும் முதல் வாரத்தில் வாசிக்கத் தொடங்கி ஓய்வூதியம் வாங்கும்வரை வாசித்துக்கொண்டிருப்பது இதைத்தான் என்பது ஒரு காரணம். ஆனால் முதன்மைக் காரணம் வரலாறு சார்ந்தது. 1971 டிசம்பர் 4ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் கூரையைப் பார்த்து ஒளிக்குண்டுத் துப்பாக்கியைச் சுட, அந்தச் சூதாட்ட மாளிகையே எரிந்துபோனது. அங்கே தங்கள் இசைத்தட்டைப் பதிவுசெய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழு நடுத்தெருவில் நின்றது. பக்கத்தில் ஓர் அரங்கைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். போலீஸ் வந்து கதவை இடித்தது. உதவியாளர்கள் உள்ளிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அந்த இடைவேளையில் பதிவான அடித்தடம்தான் இன்று உலகமே கேட்பது. மற்றப் பாடல்களைக் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில், மெத்தைகளை அடுக்கி வைத்துப் பதிவுசெய்தார்கள். 1972இல் 'மெஷின் ஹெட்' இசைத்தட்டு வெளிவந்தது.

தாழிட்ட கதவு, வெளியே இடிக்கும் கை, சுவரோரம் சாத்திய மெத்தை. தாமான் வீட்டில் பதிவு செய்பவருக்கு வாய்க்கும் மும்மூர்த்திகள் மூல இசைத்தட்டுக்கே வாய்த்திருந்தார்கள். நம்மவர் சுருதியில் எவ்வளவு விலகினாலும் மரபில் இருந்து ஓர் அங்குலம்கூட விலகவில்லை என்று துணிந்து கூறலாம்.

முன்னோர் இயல்

வீட்டில் பதிவுசெய்வதை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. அவர்களுக்கு மறுப்புரை எழுதுவது எளிது. ஒரே ஆள் பல பேராக ஒலிக்கும் வித்தையைப் பரப்பிய லெஸ் பால், தன் வீட்டுக் கேரேஜில் எட்டுக் கிடார்ப் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய 'லவர்' 1948இல் வெளிவந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டில் உட்கார்ந்து நான்கு தட கேசட் கருவியில் பதிந்த பாடல்கள் 1982இல் 'நெப்ராஸ்கா' ஆயின. நம் பக்கம் வந்தால், கோடம்பாக்கத்து வீட்டை ஒட்டி ஏ.ஆர். ரஹ்மான் பதிவுக்கூடம் அமைத்தது 1989இல்; அங்கிருந்து 'ரோஜா' வந்தது 1992இல். சான்று இவ்வளவு போதும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக்கூடாது. 1967இல் 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டை பீட்டில்ஸ் முடித்தது நான்கு தடக் கருவிகளை வைத்து. கிள்ளான் பதிவாளர் நாற்பது தடத்துக்கும் அடங்கமாட்டார். நான்கு நிமிடப் பாட்டின் ஒரு தடம் 24 பிட் தரத்தில் 32 மெகாபைட்டைத் தொடுவதில்லை. நாற்பது தடமும் சேர்ந்தால் ஒன்றேகால் ஜிகாபைட். அன்று ஒரு தடம் வீணானால் தயாரிப்பாளர் முறைப்பார். இன்று முறைக்க ஆளில்லை. ஆகவே 'கிடார் கடைசி', 'கிடார் கடைசி 2', 'கிடார் இதுதான் கடைசி' எனத் தடங்கள் பெருகுகின்றன.

இடவியல்

மலேசியத் தமிழர்களுக்கு இசைக்குழு புதிதல்ல. பினாங்கில் இருந்து கிளம்பிய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் குழு மலாய்ப் பாட்டுகளால் நாட்டையே கட்டிப்போட்டது. பிறகு ராக் காப்பாக் எனப்படும் மலாய் ராக் அலை எழுந்தது. 1989இல் சர்ச் குழுவின் 'இசபெல்லா' ஒலிக்காத சாப்பாட்டுக் கடை இல்லை. 1992இல் நீளமுடி ராக் பாடகர்களுக்கு அரசு வானொலி தொலைக்காட்சியான ஆர்டிஎம் தடை விதித்தது. நம் ஆய்வுக்குரிய பதிவாளர் அன்று பள்ளி மாணவர். இன்று அந்தத் தடை திரும்ப வந்தாலும் அவருக்குப் பாதிப்பில்லை, நீளமாகவோ குட்டையாகவோ அவரிடம் முடியே கிடையாது.

அப்படியிருக்க, 2006இல் யோகி பி குழுவினரின் 'வல்லவன்' இசைத்தட்டு வந்ததும் நம் இளைஞர்கள் ராப்பில் பெயர் வாங்க, ராக் மட்டும் ஏன் படுக்கையறையிலேயே தங்கிவிட்டது? பலர் இதற்கு ரசனை மாற்றத்தைக் காரணம் காட்டுகிறார்கள். இக்கட்டுரை கட்டடக் கலையைக் காரணம் காட்டுகிறது. ராப்புக்கு ஒரு மைக்கும் தாளமும் போதும். ராக்குக்கு டிரம்ஸ் வேண்டும். ஓங்கி அடித்தால் டிரம்ஸ் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். நாமோ தெரஸ் வீட்டுச் சமுதாயம். இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் பெரும்பாலும் குறைந்தது 200 மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள் கூறுகின்றன. விதியை எழுதியவர்கள் நெருப்பை நினைத்து எழுதினார்கள், டீப் பர்ப்பிளின் இயன் பைஸ் அடிக்கும் டிரம்ஸை நினைத்து எழுதவில்லை. சுவர் தன் கடமையைச் செய்தாலும், கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய பழைய ஜன்னல் காற்றோடு சேர்த்து எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிடும். ஜன்னலை அடைத்தால் அறை அடுப்பாகும். மின்விசிறியைப் போட்டால் அதன் இரைச்சல் மைக்கில் ஏறும். மின்விசிறியை நிறுத்தினால் பாடகரின் வியர்வை கிடார்க் கம்பியில் இறங்கி, அடுத்த வாரம் கம்பி துருப்பிடிக்கும். சுருங்கச் சொன்னால், பேண்ட் வைக்க நான்கு நண்பர்களும் ஒரு தனி பங்களாவும் வேண்டும். நம்மில் பெரும்பாலோரிடம் முதலாவது மட்டும் இருந்தது, அவர்களும் பூச்சோங்குக்கும் செமினிக்கும் குடிபோய்விட்டார்கள்.

எனவே டிரம்ஸைக் கணினி அடிக்கிறது. கிடார் நேரே அதற்குள் போகிறது. குரல் ஒன்றுக்குத்தான் காற்று தேவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பொழுதியல்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். நிலத்தைப் பார்த்தோம். சிறுபொழுது ஆறும் வீட்டுப் பதிவுக்கு எப்படிப் பொருந்துகின்றன என்பதை உரையாசிரியர்கள் விட்டுவிட்டதால் இங்கே சேர்க்க வேண்டியுள்ளது.

வைகறையில் பள்ளிவாசல் பாங்கும், அதற்குப் பதில் சொல்லும் குயிலும். காலையில் ரொட்டிக்காரரின் மோட்டார்சைக்கிள் ஹாரன். ஸ்மோக் பாட்டின் ஜி மைனருக்குக் கொஞ்சமாவது ஒத்துப்போகும் புறவொலி இது ஒன்றே என்பது ஆய்வில் தெரிகிறது. நண்பகலில் பழைய பேப்பர் வாங்கும் லோரி. பதிவுசெய்த குரல் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஓடும். பழைய நாளிதழ், பழைய இரும்பு, பழைய கணினி என்று அது அடுக்கும்போது, உள்ளே பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருப்பவர் தன்னையும் கேட்கிறார்களோ என்று ஒரு கணம் நிறுத்துவார். எற்பாட்டில் மழை. சுபாங் வட்டாரத்தில் ஆண்டின் பாதி நாட்களுக்கு மேல் இடி முழங்கும். முதல் இடிக்கே கணினி, மோடம், ஒலிப்பெட்டி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும் என்பது ஒருமுறை மோடத்தைப் பறிகொடுத்த எவருக்கும் தெரியும். மாலையில் கோயில் மணி, பந்து விளையாடும் பிள்ளைகள். திருவிழா நெருங்கினால் இரண்டு தெரு தள்ளி உருமி மேள ஒத்திகை. எந்தக் கணினி மெட்ரோனோமையும் உருமி பதினாறு அடிக்குள் தன் தாளத்துக்கு இழுத்துவிடும். மெட்ரோனோம் நகர்வதில்லை என்பார்கள். பாடுபவர் நகர்ந்துவிடுகிறாரே.

எஞ்சியது யாமம். அப்போது தெரு அமைதி. ஆனால் டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லனைப் போல உச்சத்தில் கத்த முடியாது, சுவருக்கு அப்பால் ஒரு குழந்தையோ அதிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவரோ தூங்குகிறார். ஆக, இப்பள்ளத்தாக்கில் பாடக்கூடிய நேரம் அமைதியாக இல்லை; அமைதியான நேரத்தில் பாடக்கூடாது. இந்த விதிக்கு விலக்கு ஒன்று உண்டு: பெருநாள் விடுமுறைக்கு எல்லோரும் கம்போங்குக்குப் போனபின் வரும் இரண்டு நாட்கள். அந்த நாட்களில் பதிவாளரும் மாமியார் வீட்டில் இருக்கிறார்.

சேலையியல்

அறையின் எதிரொலியைக் கொல்ல முப்பது முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் இன்னும் அழியவில்லை. மெல்லிய காகிதக் கூழ் ஒலியை உறிஞ்சுவது சொற்பம். கரப்பான் பூச்சிக்கு அடுக்குமாடி கட்டிக்கொடுத்ததே கண்ட பலன். ஒலியை விழுங்கத் தடிமனும் நுண்துளைகளும் வேண்டும். அலைநீளத்தின் கால்பங்கு தடிமன் இருந்தால் நல்லது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர், கால்பங்கு முக்கால் மீட்டருக்கும் மேல். அந்தத் தடிமனை நெருங்கும் அளவுக்குத் துணிகளை அடுக்கிய ஒரே தளவாடம் இல்லத்தரசியின் சேலை அலமாரி.

அலமாரிக் கதவைத் திறந்து, சேலைகளை நோக்கி நின்று பாடுவதே இவ்வட்டாரத்தின் முறை. பருத்தியும் கம்பளியும் நன்றாக விழுங்கும். இறுக்க நெய்த பட்டு அவ்வளவு விழுங்காது, ஜரிகைக் கரை உயர் ஒலியைக் கொஞ்சம் திருப்பியடிக்கவும் கூடும். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் தீபாவளிச் சந்தை முடிந்ததும் அலமாரி நெருக்கமாகிவிடுகிறது. எனவே ஒருவரின் பதிவைக் கேட்டே அது தீபாவளிக்கு முன்னதா பின்னதா என்று சொல்லிவிடலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. களப்பணியின்போது கேட்ட ஒரே எதிர்ப்புக் குரல்: "என்னங்க, அந்த மாம்பழக் கலர் சேலையில எச்சில் படாம பாடுங்க." இது ஒலியியல் சார்ந்த எதிர்ப்பு அல்ல.

ஆளியல்

டீப் பர்ப்பிளில் ஐவர் இருந்தார்கள். இங்கே ஒருவர். ஒருவர் என்பதால் சண்டை இருக்காது என்று எண்ணுவது பிழை. கிடார் வாசித்த சனிக்கிழமை ஆள், பேஸ் வாசித்த ஞாயிற்றுக்கிழமை ஆளைப் பொறுப்பற்றவன் என்கிறார். பாடிய ஆள், தன் குரல் அடியில் புதைந்துபோனதற்கு மிக்ஸ் செய்த ஆளின் பொறாமையைக் காரணம் காட்டுகிறார். இடையே கணினி வேறு தாமதம் செய்யும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது, 1,024 மாதிரிகளைத் தேக்கி அனுப்பினால் 23 மில்லிநொடி பிந்தும். அது எட்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். அறையின் நீளமே மூன்று மீட்டர். அதாவது நம் கிடாரிஸ்ட் பக்கத்து வீட்டு வரவேற்பறையில் நின்று வாசிக்கிறார். டீப் பர்ப்பிளின் கிடாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் மனக்கசப்பில் 1975இலும் 1993இலும் குழுவை விட்டு வெளியேறினார். நம்மவருக்கு அந்த வசதி இல்லை.

ஒழிபியல்

இந்த ஆய்வு கண்டறிந்த புதுச் செய்தி ஒன்றே: வீட்டுப் பதிவின் தயாரிப்பாளர் அண்டை வீட்டார்தான். எப்போது தொடங்குவது, எந்த அளவு சத்தம், எத்தனை முறை வாசிப்பது எல்லாவற்றையும் முடிவு செய்பவர் அவர். "தம்பி, அந்த முதல் துண்டையே வாசிக்கிறீங்களே, அடுத்தது தெரியாதா?" என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து ஓர் ஆண்ட்டி கேட்ட கேள்விக்குப் பிறகு, மாதக்கணக்கில் முடியாத பாட்டு அந்த வார இறுதியில் முடிந்தது. கதவை இடித்த மோந்த்ரோ போலீசும் செய்தது இதே சேவைதான்.

ஆகவே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் வாசகர்களே, புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். ஆனால் பாட்டு முடிந்து பதிவாளர் செல்பேசியை நீட்டிக் கேட்கச் சொன்னால் முழுதாகக் கேளுங்கள். குரல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இன்னும் நன்றாக வரும் என்று மறுபடி முதலில் இருந்து பாடுவார். பேஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். பேஸை இதுவரை யாரும் பாராட்டாததால் அவர் அன்றைக்கே கோப்பை மூடிவிடுவார்.