தூவியா, கம்பளியா? லயத்துப் போர்வையியலுக்கு ஒரு முன்னுரை

இறகின் மேல் துணியைப் போர்த்தினால் சூடு தங்கும் என்பதை முதலில் செய்து பார்த்தவன் பேகன். மயில் குளிரில் நடுங்குவதாக நினைத்துப் போர்வையைக் கொடுத்தவனை வள்ளல்கள் வரிசையில் உட்கார வைத்து நாம் விஷயத்தைக் கெடுத்துவிட்டோம். உள்ளே இறகு, வெளியே துணி: இன்று சீமைக் கடைகளில் ‘டவுன் கம்ஃபர்டர்’ என்று விற்பதும் இதே சரக்குத்தான். பேகனுடைய பொருளில் ஒரு குறை, உள்ளடைப்பு உயிரோடு இருந்தது. விடிந்ததும் அது சிலுப்பிக்கொண்டு போயிருக்கும். அவனும் மலைநாட்டான் என்பதை ஆய்வுலகம் கவனிக்க.

அடுத்த சான்று நெடுநல்வாடை. வாடை வீசும் கூதிர் இரவில் பாண்டிமாதேவி படுத்திருக்கும் கட்டிலில் அன்னத்தூவி பரப்பியிருக்கிறார் நக்கீரர். அதுவும் துணையோடு கூடியிருந்த அன்னத்தின் தூவி. பறவை என்ன மனநிலையில் இருந்தது என்றுகூடக் குறிப்பிடும் தரச்சான்றிதழை இன்றுவரை எந்தக் கம்பெனியும் கொடுத்ததில்லை. அப்படியும் அரசிக்குத் தூக்கம் வரவில்லை. அரசன் பாசறையில் இருந்தான். தூவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆண்டாள் சொன்ன பஞ்ச சயனத்துக்கு உரைகாரர்கள் அன்னத்தூவி, இலவம் பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என்று ஐந்து அடைப்புகளைக் கணக்கிட்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேர்ந்தது ஐந்தாவது மட்டும், அதுவும் ஆட்டு மயிர்.

நவீன அறிவியல் சொல்வது இது. ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவியை ஒரு குழாயில் போட்டு, அது எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்று பார்ப்பார்கள். 500 என்றால் சுமார், 800 என்றால் சொகுசு. சூடு தருவது தூவியல்ல, அதில் சிக்கிய காற்று. உறைத்துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் இறகின் காம்பு துளைத்துக்கொண்டு வெளியே வரும். எல்லாம் சரி. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டவர் லயத்துக் காம்பராவில் ஒரு ராத்திரி படுத்ததில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். தை, மாசியில் புல் வெள்ளையாகக் கிடக்கும், கொழுந்து கருகும். அது வறண்ட குளிர். தூவி அதைத் தாங்கும். ஹட்டன் பக்கம் வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழைதான் உண்மையான பரீட்சை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. ஒரு பக்கம் அடுப்பு, மேலே தகரம். ராத்திரி முழுக்க ஆட்கள் விடும் மூச்சும் கேத்தலின் ஆவியும் மேலே போய்த் தகரத்தின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்து, விடியற்காலை நாலு மணிக்கு ஒவ்வொன்றாகச் சொட்டும். மழை வெளியே, தூறல் உள்ளே.

நடைபாதைக் கடையொன்றில் அசல் வாத்துத் தூவி என்று சொல்லி என் தலையில் ஒரு போர்வையைக் கட்டினார்கள். முதல் இரவு மேகத்தில் படுத்ததுபோல் இருந்தது. மூன்றாம் இரவு மேகம் நனைந்தது. தூவி கட்டிகட்டியாய் மூலைக்கு ஒதுங்க, நடுவில் வெறும் துணி மிஞ்சியது. அடுப்புப் புகையும் சேர்ந்து கிளம்பிய வாசத்துக்கு அப்பாயி ஒரே வரியில் மதிப்பீடு சொன்னார்: “ஏன்டா, இதுக்குள்ள கோழியையா அடைச்சு வச்சிருக்கான்?” தையலில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு காம்பைப் பிடித்து இழுத்தார். வெள்ளைத் தூவி ஒன்று பறந்து போய்ச் சாம்பலில் உட்கார்ந்தது.

எதிர்த்தரப்பில் நிற்பது கறுப்புக் கம்பளி. ஆட்டுமயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் கதகதப்பை விடாது. ‘கம்பளி’ என்ற நம் சொல்லையே வெள்ளைக்காரன் ‘கம்ப்ளி’ ஆக்கிக்கொண்டான். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அது இருக்கிறது. சொல்லை இனாமாக எடுத்துக்கொண்டவன் பொருளை இனாமாகத் தரவில்லை. கம்பளியின் விலை தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறி, சம்பளத்தில் கழிந்தது.

உழைப்பையும் பாருங்கள். பகலில் தலையில் மடித்துப் போட்டால் கூடைக் கயிறு நெற்றியை அறுக்காது. மழை வந்தால் அதுவே கொங்காணி. இடுப்புக்குக் கீழே படங்கு பார்த்துக்கொள்ளும். அந்தியில் அடுப்போரம் காய்ந்து, ராத்திரி நாலு பிள்ளைகளுக்குப் போர்வை. மூன்று வேலை செய்தும் அரைநாள் கூலியான அரைப் பேர்கூடப் போடப்படாத ஒரே தோட்டத் தொழிலாளி அது. சொறசொறப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. அதற்கும் அப்பாயி தலைமுறை உறைத்துணி கண்டுபிடித்திருந்தது: கம்பளிக்கு அடியில் இரண்டு பழைய வாயில் சேலைகளைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். சேலை அகப்படாதபோது துணி மா மூட்டை. அதன் எழுத்து எத்தனை சலவைக்கும் போகாது. படிக்கத் தெரியாதவரும் எழுத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

ஆகவே தீர்ப்பு: அடைப்பு ஆட்டுமயிர், உறை பழஞ்சேலை. வாத்து தோற்றது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தூவிப் போர்வை அனுப்ப யோசிக்கும் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் காசைத் தகரத்துக்கு அடியில் சீலிங் அடிக்க அனுப்புங்கள். பலகை ஹட்டனிலேயே கிடைக்கும்.