ஐம்பது சதவீத நேர்மை

ஊக்கமருந்தை அனுமதித்துவிடலாம், டாக்டர் மேற்பார்வை இருந்தால் போதும் என்பவர்கள் ஏதோ புது யோசனை சொல்வதாக நினைக்கிறார்கள். சைக்கிள் பந்தயக்காரர்கள் அதற்கு எப்போதோ ஒத்திகை பார்த்துவிட்டார்கள். சிவப்பணுவைப் பெருக்கும் ஈ.பி.ஓ. ஊசியைக் கண்டுபிடிக்க அப்போது சோதனை கிடையாது. எனவே 1997-இல் சர்வதேச சைக்கிள் ஒன்றியம், ரத்தத்தில் சிவப்பணு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கோடு கிழித்தது. மருந்துக்குத் தடைதான், ஆனால் கோட்டுக்குள் நின்றால் கேட்பாரில்லை. பலரும் கோட்டை மதித்தார்கள், 49 வரை. கொஞ்சம் கூடிப்போனால், பரிசோதகர் வருவதற்குள் ரத்தத்தை நீர்க்கவைக்கக் கையில் உப்புநீர் டிரிப்ஸ்.

எல்லோரும் போட்டால் சமம்தானே என்பீர்கள். பிறவியிலேயே 48 உள்ளவருக்கு இரண்டு புள்ளிதான் லாபம். 40 உள்ளவருக்குப் பத்து. சமத்துவத்தின் லட்சணம் இது! மேற்பார்வை டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பதோ அணி. அவர் வீரரின் இதயத்தைப் பார்ப்பாரா, வெற்றி மேடையைப் பார்ப்பாரா? தப்பிக்கிறவர்கள் தப்பிக்கத்தானே செய்கிறார்கள் என்றால், டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர்களுக்காக யாரும் ரயிலை இலவசமாக்குவதில்லை. அப்படித் தப்பித்துவந்த சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் ஊக்கமருந்துக்காக 2012-இல் பறிக்கப்பட்டன. அடுத்து வந்தவருக்குக் கொடுக்கலாமென்றால், அந்த வரிசையிலும் ஊக்கமருந்து வாடை. 1999 முதல் 2005 வரை வெற்றியாளர் இடம் இன்றும் காலி.