ஒத்தைக்கா?

போன வெள்ளிக்கிழமை எதிராத்து மாமி கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேனின் பின்கதவைத் திறந்து, மெத்தை உள்ளே அடங்குமா என்று முழம் போட்டுக்கொண்டிருந்தேன். கரமனை அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். எங்காத்தில் குக்கர் கூவினால் பக்கத்தாத்தில் அடுப்பை அணைப்பார்கள். அப்படிப்பட்ட தெருவில் வாசலில் வேன், வேனுக்குள் மெத்தை என்றால், சத்யவாகீஸ்வரர் கோயிலில் சாயங்கால தீபாராதனைக்குள் சேதி தெருக்கோடியைத் தொட்டுத் திரும்பிவிடும். மாமி மெத்தையைப் பார்த்தாள். ஒற்றை பர்னர் அடுப்பைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"எங்கே?"

"வாகமண், மாமி."

"பேஷ். கூட ஆரு?"

"ஆருமில்லை."

"ஒத்தைக்கா!"

அந்தக் குரலைக் கேட்டவர்கள் நான் வாகமண்ணுக்கு இல்லை, வடக்கிருக்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கேரவனில் தனியாகப் போகப் பெண்களுக்குத் தைரியம் வருவது எப்படி என்று எழுதித் தருவதாக ஒரு பத்திரிகைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஐந்து யோசனைகள் தயாராக இருக்கின்றன. சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தத் துணை விவகாரத்தை ஒரு வழி பண்ணிவிடலாம்.

நம் வீடுகளில் பெண்ணுக்குத் துணை என்றால் யார்? பையன். எத்தனை வயசுப் பையன் என்பது ஒரு பொருட்டே இல்லை. நான் கிள்ளிப்பாலம் தாண்டி பாட்டு கிளாஸுக்குப் போன நாளில் எனக்குத் துணை என் தம்பி. மூன்றாம் கிளாஸ். மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும். "அக்காவைப் பத்திரமா பாத்துப்பியோன்னோ?" என்று பாட்டி கேட்பாள். அவன் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துவிட்டுத் தலையாட்டுவான். தெருமுனையில் நாயைப் பார்த்ததும் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். நாயை நான் விரட்டுவேன். அவன் சரிந்த நிக்கரை ஏற்றிவிட்டு, கௌரவமாக முன்னால் நடப்பான். இந்தச் சேவைக்கு அவனுக்கு நித்தியம் இரண்டு நாரங்கா மிட்டாய்.

கிளாஸ் வாசலில்தான் சிக்கல். என்னைக் கொண்டுவிட்டாச்சு, சரி. அவன் எப்படி வீட்டுக்குத் திரும்புவான்? சின்னப் பையன், தனியாக ரோடு தாண்டக் கூடாது. ஆகவே நான் அவனைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வீட்டில் விடுவேன். விட்டுவிட்டு மறுபடி கிளாஸுக்கு ஓடுவேன், ஒத்தைக்கு. பாட்டியும் அம்மாவும் இதில் ஒரு பிசகும் கண்டதில்லை. ஒரு தரம் நான் இதை எடுத்துச் சொன்னபோது, "அப்போ திரும்பிப் போறச்சேயும் அவனைக் கூட்டிண்டு போயேன்" என்றாள் பாட்டி.

தம்பி இப்போது பென்ஷன் வாங்குகிறான். வாகமண் சேதி கேட்டதும் போன் பண்ணினான். "நான் வரட்டுமா அக்கா? முட்டிவலிதான், ஆனாலும் ஒரு துணையா இருக்கும்." அவனுக்கு முட்டிவலி, சர்க்கரை, ராத்திரி மூச்சுத்திணறலுக்கு ஒரு மெஷின். மெஷினுக்கு ராத்திரி முழுக்கக் கரண்ட் வேண்டும். என் பாதுகாப்புக்காக அவனைக் கூட்டிப் போனால் அவன் பாதுகாப்புக்கு ஒரு ஜெனரேட்டரைக் கூட்டிப் போக வேண்டும். வேண்டாம் என்றேன். அப்படியானால் பேரனை அனுப்புகிறேன் என்றான். பேரனுக்கு எட்டு வயசு. கொட்டாரக்கரை தாண்டினால் வாந்தி எடுப்பான்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று சொல்லவும் வழியில்லை. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், புருஷனிடம் சொல்லிக்கொள்ளாமல் அவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன்னால் யாரும் மோட்டாரில் அவ்வளவு தூரம் போனதில்லை. எண்ணெய்க்குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்திச் சரிபண்ணினாள். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினாள். எல்லாம் சரி. கூட ஆரு? பையன்கள். ஒருத்தனுக்கு 15, ஒருத்தனுக்கு 13. ஆனால் அவர்கள் மேட்டில் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். என் தம்பி தள்ளியிருக்க மாட்டான்.

சொந்த வேன் எதற்கு, அரசாங்கமே கேரவன் திட்டம் போட்டிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். போட்டிருக்கிறது. 2021 செப்டம்பரில் 'கேரவன் கேரளா' அறிவித்தார்கள். 2022 பிப்ரவரியில் முதல் கேரவன் பார்க் அதே வாகமண் மலையில்தான் திறந்தது. படுக்கை, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. வாடகைக்கு விடுகிற ஓர் இடத்துக்குப் போன் பண்ணி, நானே ஓட்டுவேன், நான் மட்டும்தான் என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "மேடம் பேடிக்கண்டா, டிரைவர் உண்டு, ஹெல்பரும் உண்டு" என்று பதில் வந்தது. முன்பின் தெரியாத இரண்டு ஆண்பிள்ளைகள் மலையில் ராத்திரி என்னோடு இருப்பார்கள். ஆகையால் நான் பயப்பட வேண்டாம். இதைச் சொன்னவர் நல்ல மனுஷர்தான். எனக்குப் பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சனிக்கிழமை அத்திம்பேர் வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே அவருடைய பழைய தோல் செருப்பு, பத்தாம் நம்பர், இடது கால் வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. "ராத்திரி வண்டி வாசல்ல இதைப் போட்டு வை. பாக்கறவா உள்ளே ஆம்பிளை இருக்கார்னு நினைச்சுப்பா." சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் வண்டியில் தனியாகச் சுற்றும் பெண்கள் காலங்காலமாக இதைத்தான் செய்கிறார்கள். வாசலில் பெரிய அளவு ஆண் பூட்ஸ், பக்கத்தில் பெரிய நாய்க்கு வைக்கிற கிண்ணம். பெண்களுக்கென்றே 1991-இல் கேரவன் சங்கம் ஆரம்பித்த தேசத்திலும் ராத்திரி காவலுக்குச் செருப்புதான் நிற்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். ஆள் வேண்டாம், செருப்பு போதும் என்று ஆகிவிட்ட பிறகு, ஓர் ஆண்பிள்ளையில் எவ்வளவு பாகம் இருந்தால் துணை என்று கணக்கு? பத்தாம் நம்பர் ஜோடி முழுத் துணை. அப்படியானால் ஒற்றைச் செருப்பு பாதித் துணையா? துவைத்த வேட்டி ஒன்றைக் கொடியில் போட்டால்? ஷேவிங் பிரஷ்? அத்திம்பேரிடம் கேட்டேன். கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போய்விட்டார். செருப்பை வைத்துவிட்டுத்தான் போனார்.

ஒத்தைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் வடகேரளத்திலிருந்து நாஜி நௌஷி, ஐந்து குழந்தைகளுக்கு அம்மா, 'ஓள்' என்று பேர் வைத்த தார் ஜீப்பை எடுத்துக்கொண்டு கத்தார் உலகக் கோப்பை பார்க்கத் தனியாகக் கிளம்பினார். மும்பையிலிருந்து ஜீப்பைக் கப்பலில் ஓமனுக்கு அனுப்பி, அங்கிருந்து ஒவ்வொரு வளைகுடா நாடாக ஓட்டிக்கொண்டு போனார். ஜீப்பிலேயே அரிசி, மாவு, மசாலா, ஜீப்பிலேயே சமையல். இதை எதிராத்து மாமியிடம் சொன்னேன். "அவாளுக்கென்ன, சின்ன வயசு" என்றாள். எனக்குச் சின்ன வயசாக இருந்தபோது இதே மாமிதான், "சின்ன வயசு, ஒத்தைக்குப் போகப்படாது" என்றவள்.

மாமி என்ன லேசுப்பட்டவளா? கும்ப மாசம் ஆற்றுகால் பொங்காலை வந்தால் முதல் நாள் ராத்திரியே ரோட்டோரத்தில் மூன்று செங்கல் வைத்து இடம் பிடிப்பாள். அந்தச் செங்கலை எவளாவது நாலு விரல்கடை நகர்த்தினால் தொலைந்தாள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் திரண்டார்கள் என்று கின்னஸில் ஏறிய கூட்டம் அது. கொல்லத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பானையும் விறகுமாக வந்து, தார் ரோட்டில் பாய் விரித்துத் தூங்கி, விடிந்ததும் புகையில் கண் எரியப் பொங்கலும் தெரளியும் மண்டைப்புட்டும் பண்ணிவிட்டுப் போகிறார்கள். அங்கே போய் ஒருத்தியிடம், "ஒத்தைக்கா வந்தேள்?" என்று கேட்டுப் பாருங்கள். கரண்டியால் அடிப்பாள். அதே பெண்கள் மறுநாள் ஊர் திரும்பியதும், பெட்டியோடு கிளம்புகிற அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்பதும் இதைத்தான். நம்மை ஒரு நாளும் புரிந்துகொள்ள முடியாது.

அந்த ஐந்து யோசனைகள். பக்கம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முதல் யோசனையே நீளமானது, கழிப்பறை பற்றியது. அதற்கே ஒரு தனி இதழ் வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாமி கேட்டாள், தம்பி கேட்டான், அத்திம்பேர் கேட்டார், பால்காரர்கூடக் கேட்டார். எல்லாரும் கூட ஆரு என்று கேட்டார்களே தவிர, வண்டியைப் பற்றி ஒரு பிராணி கேட்கவில்லை. உங்கள் தெருவில் ஒருத்தி வேனில் கிளம்பினால், வாய் சும்மா இருக்காது, ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஸ்டெப்னியில் காற்று இருக்கா என்று கேளுங்கள். அநேகமாக இருக்காது.