அஷ்டமியும் மாயர் நாளும்

கேள்வி: மாயர்களின் நாள்காட்டியை வைத்துத் தன்னை அறிந்து முடிவெடுக்கலாம் என்கிறார்களே, நம் ஊருக்கு இது ஒத்துவருமா?
– வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: மத்திய அமெரிக்க மாயர்கள் 1 முதல் 13 வரையான எண்களையும் 20 நாள்பெயர்களையும் இணையாக ஓடவிட்டு, 260 நாளில் ஒரு சுற்று முடியுமாறு அமைத்த சோல்கின் என்னும் சடங்கு நாள்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் தனிக்குணம் உண்டு; குவாத்தமாலா மலைப்பகுதியில் கிச்சே இனத்து ‘நாள்காப்போர்’ இன்றும் அதை எண்ணி, பிறந்த நாளின் இயல்பைச் சொல்லிவருகின்றனர். ஜென்ம நட்சத்திரம் கேட்டே பெண் பார்க்கும் ஊருக்கு இது புதிதன்று. தினசரி நாள்காட்டித் தாளில் ராசிக்கு ஒரு சொல்லாக ‘வரவு’, ‘பகை’, ‘அலைச்சல்’ என்று அச்சிட்டிருப்பதில், ‘பகை’ வாய்த்தவர் தமது வாயைச் சற்று அடக்கினால் அது தற்சோதனை. பக்கத்து வீட்டுக்காரரை முறைத்தால் வெறும் ராசிபலன். நாளின் குணமும் அப்படித்தான், கொள்வோரைப் பொறுத்தது: தேய்பிறை அஷ்டமி, அதாவது பௌர்ணமிக்குப் பிந்திய எட்டாம் திதி, சுபகாரியத்துக்கு ஆகாதென்று தள்ளப்பட்டாலும், உங்கள் மாவட்டத்து அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் அன்றுதான் சாம்பல் பூசணியை இரண்டாகப் பிளந்து விளக்கேற்றக் கூட்டம் நெருக்கியடிக்கிறது; காலத்துக்கே அதிபதி அங்கு நிற்பதால் நாள்காட்டி சற்று ஒதுங்கிக்கொள்கிறது போலும்.