கொடுத்து வைத்த பிள்ளைகள்

திண்டுக்கல் பக்கம் பி.ஏ. பொருளாதாரம் சேரும் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். அமெரிக்காவில் முதல் பருவத்திலேயே எந்தப் பேராசிரியரிடம் படிப்பது என்று சீனியர்களை விசாரித்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சேர்ந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. 2011 நவம்பரில் ஹார்வர்டில் கிரிகரி மான்கியூ நடத்திய அறிமுகப் பொருளாதார வகுப்பிலிருந்து, பாடம் ஒருபக்கமாகச் சாய்கிறது என்று சுமார் 70 பேர் எழுந்து போய்விட்டார்கள். என்ன அடக்கமின்மை!

நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. டைம்டேபிள் யாரைக் கைகாட்டுகிறதோ அவரே குரு. எழுந்து போகவும் மனம் வராது. 75 சதவீத வருகைப்பதிவும் 25 இன்டர்னல் மார்க்கும் அவர் கையில் அல்லவா இருக்கின்றன? அவர் போர்டில் ‘நுகர்வோரின் இறைமை’ என்று தலைப்பு எழுதும்போது ஒருவர்கூடச் சிரிப்பதில்லை. அப்படியொரு மரியாதை.

மரியாதைக்கு உரியவர்தான். பழுப்பேறிய நோட்டைப் பிரித்து, கமா, முற்றுப்புள்ளி உட்பட ஒன்றுவிடாமல் சொல்லி எழுத வைப்பார். ‘பிற காரணிகள் மாறாதிருக்கையில்’ என்ற தேவை விதியின் நிபந்தனையை நடத்துவதோடு நிற்காமல் வாழ்ந்தே காட்டுகிறார்: நோட்டு மாறவில்லை, உதாரணம் மாறவில்லை, ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்’ அஞ்சும் மாறவில்லை.

அவர் பார்வை விசாலமானது. பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817-ல் எழுதிய போர்ச்சுகல் ஒயினும் இங்கிலாந்துத் துணியும் அவருக்கு மனப்பாடம். சின்னாளபட்டிச் சுங்குடி போன்ற சில்லறைச் சரக்குகளில் கவனத்தைச் சிதறவிட மாட்டார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, அலிகார் பூட்டின் மலிவு விலைக்கு முன்னால் திணறுவது ஊருக்கே தெரியும். சந்தைப் போட்டிக்கு அவர் சொல்லும் உதாரணமோ சோப்பும் டூத்பேஸ்ட்டும்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வரத்து கூடிய நாளில், முன் பெஞ்சுப் பையனின் அப்பா பறிகூலிகூடத் தேறாமல் வீடு திரும்பியிருப்பார். பையன் ஸ்கேல் வைத்து அளிப்பு வளைகோட்டை அழகாக வரைந்துகொண்டிருப்பான். வீட்டுக் கவலையை வகுப்புக்குள் விடாத கண்ணியம் வேறு எங்கே கிடைக்கும்?

நிரந்தரப் பணியிடம் காலியாக இருந்தால் கௌரவ விரிவுரையாளர்கள் வருவார்கள். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்னது. அவ்வளவு கொடுத்துப் பணத்தாசை காட்டி அவர்களைக் கெடுக்க நம் அரசுக்கு மனமில்லை. அதனாலேயே கூலிக் கோட்பாட்டை அவர்கள் புத்தகம் பார்க்காமல் நடத்துகிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, அட்மிஷன் அன்று ஃபீஸ் எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடம் நடத்தப்போவது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்டால் பிள்ளைகளும் கேட்பார்கள். பிள்ளைகள் கேட்டால் அவர் புது நோட்டு எழுத வேண்டிவரும். இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்த மனிதரைப் படிக்க வைத்த பாவம் உங்களுக்கு எதற்கு?