புறப்பாட்டுப் பெரியப்பா

நீலகிரி மலையின் தேவாலாவிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவருக்கு டிக்கெட் போட்டுத் தருவது ஏஜென்ட். பெட்டி கட்டுவது அம்மா. கட்டிய பெட்டியை எடை போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியை வெளியே எடுத்து வைப்பது தம்பி. கடைசி வேளைச் சாப்பாடு என்ன என்று முடிவு செய்யும் பொறுப்பு மட்டும் புறப்பாட்டுப் பெரியப்பாவுடையது. அவர் சொந்தப் பெரியப்பாவாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. எஸ்டேட்டில் ரிட்டயரான சூப்பர்வைசராக இருக்கலாம், அடுத்த லைன் வீட்டுக்காரராக இருக்கலாம். மஃப்ளரும் குடையுமாக முந்தின நாள் சாயங்காலமே வந்து உட்கார்ந்துவிடுவார். முதல் கேள்வி, "ஃப்ளைட்டு எத்தனை மணிக்கு?" பதில் வந்ததும் கணக்கு பின்னோக்கி ஓடத் தொடங்கும். "காலையில ஆறு மணிக்கா? அப்ப மூணு மணிக்கு உள்ள நிக்கணும். கரிப்பூருக்கு மூணு மணி நேரம். நாடுகாணியில யானை நின்னா அதுக்கு ஒரு மணி நேரம். பதினோரு மணிக்கு ஜீப் எடுக்கணும்னா எட்டரைக்கு இலையை மடிச்சிருக்கணும். சரி, என்ன சாப்பிடறது?" கூடியிருப்பவர்களைப் பார்த்துத்தான் கேட்பார். ஆனால் யாரும் பதில் சொல்ல முயல்வதில்லை. சட்டசபையில் ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்கும் கேள்விக்கு எதிர்க்கட்சி எழுந்து பதில் சொல்லுமா?

தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றேதான். இட்லி, இல்லாவிட்டால் ரசம் சாதம். புட்டும் கடலைக்கறியும் கூடாது. கப்பா கூடாது. முட்டைக்கோஸ் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. பீஃப் வறுவலும் பொறோட்டாவும் வேண்டுமென்றால் அடுத்த லீவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பலாப்பழத்தை வயிற்றிலும் கொண்டு போகக்கூடாது, ஜீப்பிலும் கொண்டு போகக்கூடாது. இந்தத் தடைகளுக்கெல்லாம் அவர் காரணமும் சொல்வார், அங்கேதான் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "மேல போகப்போக வயித்துல இருக்கற சோறு மிதக்க ஆரம்பிச்சிடும்" என்பது அவருடைய விமானவியல். இதற்காக ஊரே அவரைக் கேலி செய்கிறது. கேலியில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியை மறுப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை: பெரியப்பா சொல்லும் காரணங்கள் தப்பு, தீர்ப்புகள் ஏறக்குறைய எல்லாமே சரி.

முதல் ஆட்சேபம் அவருடைய தகுதியைப் பற்றியது. விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவர் விமானச் சாப்பாட்டைப் பற்றி என்ன பேசுவது? கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் தேவாலாவில் நின்றுகொண்டு கேட்கும்போது அதன் வலு கொஞ்சம் குறைந்துபோகிறது. 1880-ஐ ஒட்டிய வருஷங்களில் தேவாலா, பந்தலூர் மண்ணில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லி லண்டனில் டஜன்கணக்கில் கம்பெனிகள் பங்கு விற்றன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் தேவாலாவைப் படத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். சில வருஷத்துக்குள் எல்லாம் கவிழ்ந்தது; குடைந்த சுரங்கங்கள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. பார்க்காத இடத்தைப் பற்றிய அபிப்பிராயத்துக்காக அன்று காசைக் கொட்டியவர்கள் படித்த கனவான்கள். பெரியப்பா இலவசமாகச் சொல்கிறார். கேட்டு நடந்தால் நஷ்டமும் கிடையாது. தவிரவும் அவருக்கு ஒரு தகுதி உண்டு, அது என்னவென்று அவருக்கே தெரியாது. அதற்கு முன்னால் சுரம் என்கிற மலைப்பாதையைப் பார்த்துவிடுவோம்.

நீண்ட விமானப் பயணம் என்று பேசுகிறவர்கள், பயணம் விமானத்தில் தொடங்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள். கோயம்புத்தூர் பீளமேட்டில் வீடு இருந்தால் அப்படி நினைக்கலாம். தேவாலாக்காரருக்குப் பயணம் நாடுகாணியில் தொடங்குகிறது. அங்கிருந்து காட்டுக்குள் சுரம் வளைந்து வளைந்து வழிக்கடவுக்கு இறங்கும். பிறகு எடக்கரை, நிலம்பூர், கொண்டோட்டி, கரிப்பூர். 1988-இல் கரிப்பூரில் விமான நிலையம் வந்தது; இன்று இந்தப் பக்கத்து மலைக்காரர்களுக்கு வளைகுடாவின் வாசல் அதுதான். துபாய்க்கு நாலு மணி நேரம், ஜித்தாவுக்கு அதைவிடக் கூட. அந்த நாலு மணி நேரமும் விமானம் நேர்கோட்டில் போகிறது. அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் ஜீப் நேராகப் போகும் தூரம் கொஞ்சம்தான். வயிறு புரளுவது விமானத்தில் அல்ல, சுரத்தில். கண் ஓரிடத்தில் நிலைத்திருக்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு ஆடுவதாகச் சொல்ல, இரண்டுக்கும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. எண்ணெயும் மசாலாவும் மிதக்கும் வயிறு அதைத் தாங்காது. காலி வயிறும் தாங்காது. கொஞ்சமாக, காரமில்லாமல், சீக்கிரம் செரிப்பதாகச் சாப்பிடு என்றுதான் எந்த டாக்டரும் சொல்வார். இட்லி என்று ஒரே வார்த்தையில் பெரியப்பா முடித்துவிடுகிறார். கூடவே ஒரு துண்டு இஞ்சியை மடியில் முடிந்து தருவாரே, கூடலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் அந்த இஞ்சிக்கும் குமட்டலைத் தணிக்கும் குணம் ஓரளவு உண்டு என்று சோதனைகள் சொல்கின்றன. யானைக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர் பலாப்பழத்தை ஜீப்பில் ஏற்றக்கூடாது என்பதையும் மூடநம்பிக்கையில் சேர்க்க முடியாது. பலா பழுக்கும் மாதங்களில் தேவாலாவில் யானை எந்த வீட்டு வாசலுக்கு வருகிறது என்று பார்த்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

இப்போது விமானத்துக்குள் ஏறலாம். வெளியே 35,000 அடி என்றாலும் உள்ளே இருப்பவர் உடம்புக்கு அந்த உயரம் தெரியாது. கேபினுக்குள் காற்றை அழுத்தி, 6,000 அடியிலிருந்து 8,000 அடி வரை உயரமுள்ள மலையில் இருப்பதுபோல வைத்திருக்கிறார்கள். சாதாரண நிலையில் 8,000 அடியைத் தாண்டக்கூடாது என்பது விதி. குன்னூரின் உயரம் ஏறக்குறைய 6,000 அடி. போயிங் 787 போன்ற புது விமானங்களின் கேபின் அதிகம் போனால் அவ்வளவுதான். ஊட்டி சுமார் 7,350 அடி. பழைய ரக விமானங்கள் அதை ஒட்டியோ சற்று மேலேயோ. தொட்டபெட்டா 8,650 அடி, அதாவது எந்தப் பயணிகள் விமானத்தின் கேபினையும்விட உசத்தி. அங்கே சுற்றுலா வந்தவர்கள் சுட்ட சோளமும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு ஃபோட்டோவுக்கு நிற்கிறார்கள். ஆகவே, ஜில்லாத் தலைநகரான ஊட்டியில் மனு கொடுக்க நூறு தடவை பஸ்ஸில் போய் வந்த பெரியப்பா, உடம்பைப் பொறுத்தவரை நூறு தடவை விமானக் கேபினில் இருந்தவர். அவருக்கே தெரியாத தகுதி என்று சொன்னது இதைத்தான்.

மேலே போனால் சோறு மிதக்காது, வாயு விரியும். சமவெளியில் அடைத்த சிப்ஸ் பாக்கெட் ஊட்டிப் பெட்டிக்கடையில் எப்படித் தொங்குகிறது என்று பார்த்தால் போதும். கோயம்புத்தூரில் தொளதொளவென்று இருந்த அதே பாக்கெட், அங்கே ஊதிய பலூனாக, விரலால் தட்டினால் டப்பென்று சத்தம் போடும். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது, அவ்வளவுதான் விஷயம். குடலும் அப்படிப்பட்ட பைதான். கடல்மட்டத்திலிருந்து 8,000 அடிக்குப் போனால் அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கடலையும் கோஸும் கிழங்கும் எதை உற்பத்தி செய்கின்றன என்பது தெரிந்ததுதான். சோடா அதைத் தயாராகவே கொண்டுவந்து கொடுக்கிறது. ஊட்டிக்கும் கடலை தின்றுவிட்டுத்தானே போகிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் மலையேற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. விமானம் அதே வேலையை இருபது முப்பது நிமிஷத்தில் முடிக்கிறது. பஸ்ஸுக்கு பர்லியாரில் நிறுத்தம் உண்டு; ஜன்னல் திறக்கும்; காற்று வரும். விமானத்தில் அந்த வசதி இல்லாததைப் பக்கத்து சீட்டுக்காரரும் உணர்வார். பெரியப்பாவின் கடலைத் தடை பயணியின் நலனைவிட அயலாரின் நலனுக்கே அதிகம் உதவுகிறது.

இரண்டாவது ஆட்சேபக்காரர் சித்தப்பா மகன். பெங்களூரில் வேலை, மொபைலில் ஞானம். எதுவுமே சாப்பிடக்கூடாது, பட்டினி கிடந்தால்தான் புது ஊர் நேரத்துக்கு உடம்பு பழகும் என்பார். ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் எரெட் என்ற விஞ்ஞானி, ஒருநாள் விருந்து ஒருநாள் அரைப்பட்டினி என்று மாற்றி மாற்றி இருந்து பயணம் போகும் முறையை வகுத்தார். 1980-களில் அது பிரபலமாக இருந்தது. ஆனால் அது பல மணி நேரம் கடிகாரம் மாறும் பயணங்களுக்காக உண்டானது. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதற்காக ஒருவன் பட்டினி கிடந்து, சுரத்தில் வெறும் வயிற்றோடு வளைந்து, கரிப்பூர் வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, பட்ஜெட் விமானத்தில் சான்ட்விச் விலையைப் பார்த்துவிட்டு அட்டையை மூடி வைப்பதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது? டொரொன்டோவுக்கோ மெல்போர்னுக்கோ போகிறவர் வேண்டுமானால் சித்தப்பா மகனைக் கேட்கட்டும். அவர்களுக்கும் சுரம் உண்டு என்பதை மறக்காமலிருந்தால் சரி.

விமான நிலையத்திலோ விமானத்திலோ சாப்பிட்டுக்கொள்ளலாமே என்பது மூன்றாவது கட்சி. இதற்குப் பெரியப்பாவின் பதில், "யார் கையால் ஆக்கினதுன்னு தெரியாது." பழைய ஆசாரம்போலத் தோன்றினாலும் அதற்குச் சரித்திரம் துணை நிற்கிறது. 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து பாரிஸ் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில், ஆங்கரேஜில் ஏற்றிய ஆம்லெட்டைச் சாப்பிட்ட ஏறக்குறைய 200 பேர் நடுவானில் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். சமையல்காரர் ஒருவர் விரலில் இருந்த புண்ணிலிருந்து கிருமி உணவில் இறங்கியிருந்தது. உணவும் குளிர் போதாமல் நெடுநேரம் கிடந்திருந்தது. விமானி நல்லவேளையாக வேறு சாப்பாடு சாப்பிட்டிருந்தார். ஒரே விமானத்தின் இரண்டு விமானிகளுக்கும் வெவ்வேறு சாப்பாடு கொடுக்கும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டாம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதை, இன்றைய சமையற்கூடங்கள் அப்படி இல்லை என்பதும் உண்மை. ஆனால் வீட்டு இட்லியை வேகவைத்தவர் கை எது என்று தெரிந்திருக்கும்போது புதுக்கையைச் சோதித்துப் பார்க்க, கழிப்பறைக்கு முன்னால் பத்துப்பேர் நிற்கும் விமானம் தோதான இடமில்லை.

ருசி விஷயத்திலும் கிழவர் ஜெயிக்கிறார். "ஆகாசத்துல நாக்கு மரத்துப்போகும்" என்று சொல்லி ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயைக் கைப்பையில் திணிப்பார். 2010-இல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் லுஃப்தான்சாவுக்காக ஒரு விமானக் கேபினைத் தரையிலேயே வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, ஆட்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தது. உப்பு இருபது முப்பது சதவீதம் குறைவாகத் தெரிந்தது, இனிப்பும் குறைந்தது. பெரியப்பா வந்து சேர்ந்த முடிவுக்கு ஜெர்மானியர்கள் செலவு செய்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஊறுகாய் மட்டும் உள்ளே போகாது. எண்ணெய் மிதக்கும் பாட்டிலை, 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்று சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

அவர் தோற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று அளவு. இட்லி என்று சரியாகச் சொன்னவர், எத்தனை என்பதில் தர்மத்தை மறந்துவிடுகிறார். நாலு போதுமே என்றால், "அங்க போய் இட்லிக்கு எங்க போவ?" என்பார். துபாய் கராமாவில் தெருவுக்குத் தெரு இட்லி கிடைக்கிறது என்ற செய்தி தேவாலாவை எட்டாமலில்லை, அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. வழியனுப்ப வந்த இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்து அக்கா தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவார், எதிர்வீட்டு உம்மா பத்திரி கொண்டுவருவார். "ஒரு வாய் வாங்கிக்க, மனசு கஷ்டப்படும்" என்று தாமே போட்ட தடையைத் தாமே தளர்த்துவார். இரண்டாவது தோல்வி தண்ணீர், இது பெரிய தோல்வி. "தண்ணியே குடிக்காத. ரெண்டு பேருக்கு நடுவுல சீட்டு குடுத்துட்டான்னா எப்படி எந்திரிச்சுப் போவ?" மற்ற விஷயங்களில் காரணம் தப்பு, தீர்ப்பு சரி. இங்கே காரணம் நூற்றுக்கு நூறு சரி, தீர்ப்பு தப்பு. தென்மேற்குப் பருவமழை நாட்களில் வானிலை அறிக்கையின் மழைப் பட்டியலில் தேவாலா பெயர் முதல் வரிசையில் வரும். துவைத்த துணி அடுப்புக்கு மேலே தொங்கினாலும் காய ஒரு வாரம். அந்த ஈரத்தில் வளர்ந்தவருக்குத் தாகத்தைப் பற்றி அதிகம் தெரியாது. கேபின் காற்றிலோ ஈரப்பதம் பத்து இருபது சதவீதம்தான், பாலைவனத்துக்குச் சமம். ஊட்டியும் தொட்டபெட்டாவும் சொல்லித் தராத பாடம் இது ஒன்றுதான். உதடு வெடித்து, தலை கனத்து இறங்குகிறவர்கள் தூக்கம் கெட்டதால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் குடிக்கவேண்டும், எழுந்து போகவேண்டும். நடு சீட்டுக்காரர் எழுந்து நடந்தால் ஓரத்து சீட்டுக்காரரின் கால் ரத்த ஓட்டத்துக்கும் நல்லது.

புறப்படுகிறவன் கல்யாண வயசில் இருக்கிறான், என்ன சாப்பிடவேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. கிளம்புகிற அன்று அவனுக்குப் பாஸ்போர்ட் எந்தப் பையில் இருக்கிறது என்பதே தெரியாது. வீட்டில் எல்லோரும் அழத் தயாராக இருக்கும் நேரத்தில் எட்டு இட்லியா பத்து இட்லியா என்று சண்டை போட ஓர் ஆள் இருப்பது வீட்டுக்கு நல்லது. அந்தச் சண்டையிலேயே பத்தரை மணியாகிவிடும். ஜீப் ஹாரன் அடிக்கும்.

கரிப்பூரில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெரியப்பா காத்திருப்பார். உள்ளே எடுத்து வைத்த ஊறுகாய் பாட்டில் தம்பியின் கைக்குத் திரும்பி வரும். கூடவே, உம்மா கட்டிக்கொடுத்த பத்திரிப் பொட்டலமும் பையில் இடமில்லை என்று வெளியே வந்திருக்கும். வீணாக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. நிலம்பூர் தாண்டி எடக்கரையில் சாயா குடிக்க நிறுத்தும்போது பொட்டலம் பிரிபடும். பத்திரிக்குத் தோதாக அந்தக் கடையிலேயே ஒரு பிளேட் பீஃப் வறுவல் வரும். வழிக்கடவு தாண்டிச் சுரம் ஏறத் தொடங்கியதும் "கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்று முதலில் சொல்பவர் அவர்தான். காரணம் கேட்டால், இந்த டிரைவருக்கு வளைவில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியவில்லை என்பார்.